எடை போட்ட பிறகு

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் அண்ணனுக்கு ஒப்பந்த வேலை. பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் கரை. ஏற்றிப்போவது ஹெலிகாப்டர். போன நடையில் பாதி வழியில் ஏதோ எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்து திரும்பிவிட்டார்கள். படகு கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அண்ணனுக்குப் பயம். போனால் என்ன ஆகுமோ என்று எங்களுக்கு. வழியனுப்பவா, தடுக்கவா என்று தெரியாமலே இந்த 1986 ஆவணியில் காரைக்காலுக்குக் கிளம்பினேன்.

மாயவரத்தில் காலை ஐந்தேகாலுக்குப் பஸ். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம். காரைக்கால் கோவில்பத்து நிறுத்தத்தில், முந்தின நாளே வந்துவிட்ட அண்ணன் நின்றிருந்தான். நான் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு டின் இரண்டையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"நீயே வச்சுக்க. எடை போட்டதுக்கப்பறம் வேலி வழியா குடு."

எனக்குப் புரியவில்லை. நெரவியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஹெலிகாப்டர் தளம். ரிக்‌ஷா ஆறு ரூபாய், பேரம் பேசலாம். "ஹெலிகாப்டருக்கு என் வண்டியே தேவலைங்க," என்றார் ரிக்‌ஷாக்காரர். "விழுந்தா முட்டிதான் செராயும்." அண்ணன் சிரிக்கவில்லை.

கொட்டகையில் ஒவ்வொருவரையும் பையோடு நிறுத்தி எடை போட்டார் ஓர் அதிகாரி. எதற்கு என்று கேட்டேன். "மொத்த வெயிட்ட பாத்துதாம்மா எண்ணெய் ஊத்துவோம். கூடிப்போனா எழும்பறதே கஷ்டம்."

எடை முடிந்தவர்கள் வேலியோரம் வந்தார்கள். வெளியே குடும்பங்கள். என் பக்கத்தில் ரஹ்மத் அக்கா. அவர் கணவருக்கும் அதே மேடையில் வேலை.

"பயமா இல்லையாக்கா?"

"இல்லாம? வெளக்கு எரிஞ்ச நாள்லேந்து தூக்கமே இல்ல. அல்லாதான் காப்பாத்தணும். இந்தா, இந்தப் பேரீச்சம்பழ டின்ன அந்த ஓட்டைல குடும்மா, எனக்குக் கை எட்டல."

கொடுத்தேன். பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். வேலி முழுக்க டின்கள், பாட்டில்கள், ஒரு சாக்கில் தேங்காய்கள். கம்பெனிக்காரன் ஏற்றுகிற சுமை அதிகம் என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். ஊறுகாயும் முறுக்கும் இருந்த என் பையை அண்ணனிடம் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு, வேலி வழியாகச் சாமான் போவதை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

மறுபடி எடை. கூடித்தான் இருந்தது. "சாமான் எறங்கணும், இல்ல ஆள் எறங்கணும்," என்றார் அதிகாரி. யாரும் பையைத் தொடவில்லை. பத்துப் பேரில் அண்ணன் ஒருவன்தான் ஒப்பந்த ஆள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இறங்கினான். அவனிடம் மட்டும்தான் கூடுதலாக எதுவும் இல்லை.

ஹெலிகாப்டர் எட்டேகாலுக்குக் கிளம்பியது. ஆட்களை இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது.

"நல்லாத்தானே பறக்குது?" என்றான் அண்ணன். அப்புறம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

நீங்களும் யாரையாவது வழியனுப்பப் போனால் ஆறரைக்கே தளத்தில் இருங்கள். நிழல் கிடையாது, குடை வேண்டும். கொடுப்பதை எடைக்கு முன்னால் கொடுங்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன். நான் செய்தது சரியா என்று கேட்டால் அப்படிச் சொல்ல வரவில்லை. அடுத்த நடைக்கு அண்ணனைக் கூப்பிடுவார்களா என்று இன்னும் தெரியவில்லை. கூப்பிட வேண்டும் என்று அம்மா விளக்கேற்றுகிறாள். நானும் பக்கத்தில் நிற்கிறேன், எதை வேண்டுவது என்று தெரியாமல்.