உடையாமல் வந்த வளையல்கள்

அக்காவின் வளைகாப்புக்கு வளையல் வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. எனக்கும் எடுத்துத் தருவதாகச் சொல்லித்தான் அம்மா என்னைத் தென்காசிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். பச்சை, சிவப்பு, பொன்கோடு போட்ட அரக்கு நிறம் என்று ஓலைப்பெட்டி கொள்ளும் மட்டும் கண்ணாடி வளையல் வாங்கினாள். கடைக்காரர் என் கையைப் பிடித்து அளவு பார்க்க ஆரம்பித்தபோது, "இவளுக்கு எதுக்கு? ஒரே நாளையில உடைச்சுப் போடுவா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். எனக்கு அப்போது ஏழு வயசிருக்கும். ஏமாற்றியவர்களை லேசில் விடுகிற ஆள் இல்லை நான். வீடு வந்து சேரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அக்கா எங்கள் வீட்டில் மூத்தவள், நான் கடைக்குட்டி. மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அத்தானுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வெகுகாலம் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. விசேஷ வீடுகளில் யாராவது அதைப்பற்றிக் கேட்டால் அம்மா ஏதோ வேலை இருப்பதுபோல் அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒருவழியாக அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் வீட்டில் யாருக்கும் தரையில் கால் பாவவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளைத் தென்காசிக்கு அழைத்துவர வேண்டும். ஆடியில் அழைக்கக் கூடாது என்பதால் ஆனிக் கடைசியிலேயே நாள் பார்த்துவிட்டார்கள்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. அந்த ஆனியில் மழை பேய்மழையாகப் பிடித்துக்கொண்டது. மலையில் பாதை மேல் மண் சரிந்து ரயில் நின்றுபோயிற்று. மழை வெறிக்கட்டும், ஆவணியில் ஒன்பதாம் மாதத்தில் போய் அழைத்து வந்தாலும் குற்றமில்லையே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். நாள் குறித்த பிறகு தள்ளிப்போட்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா எப்போதுமே ஒரு தடவைதான் சொல்லுவார். இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ரயில் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றவர் மாமா. அம்மாவின் தம்பி. அரிசி ஆலை முதலாளி ஒருவரிடம் வேலை பார்த்தார். அந்த முதலாளியின் மோட்டாரை ஓட்டப் பழகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஊரில் யார் எங்கே போக வேண்டுமென்றாலும் மாமா சாவியோடு தயாராக நிற்பார். துணிக்கூரை போட்ட வண்டி அது. முன்னால் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். மலைப்பாதையில் குறுக்கே வந்த குரங்குக்கெல்லாம் மாமா ஹாரன் அடித்தார். போகும்போது பாதை அவ்வளவு மோசமில்லை. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் மாமாவும் சௌக்கியமாகவே போய்ச் சேர்ந்தோம்.

அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் அடுக்கினார்கள். அவள் கையை அசைத்தால் வீடு முழுக்கக் கேட்டது. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. சடங்கெல்லாம் முடிந்து கிளம்பும் நாளில், அத்தானின் அம்மா எங்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் கூடவே போய் நின்றேன்.

"எங்க வீட்டுல புள்ள பொறக்கதுக்கு முன்னால வளையல் உடைஞ்சா நல்லதுக்கில்ல, மதினி. என் மூத்த மருமவளுக்கு உடைஞ்சுது, புள்ள தங்கல. பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிழித்து, அக்காவின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதுபோல் சுற்றிக் கட்டினாள். வளையல் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளக் கூடாதாம். கையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும், எதையும் பிடிக்கக் கூடாது என்று அக்காவிடம் சொன்னாள். காவலுக்கு என்னைப் போட்டாள். எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். அந்தக் குணம் இன்றுவரை போகவில்லை.

ஆனி கடைசி நாள் காலையில் புறப்பட்டோம். விடிய விடியப் பெய்த மழையில் பாதை பாதையாகவே இல்லை. ஓரங்கள் அரித்துப்போய், நடுவில் கல்லும் சேறும் கிடந்தன. அம்மா ஒருபுறம், நான் ஒருபுறம், நடுவில் அக்கா. வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் முன்சீட்டைக் கட்டிக்கொண்டேன், அம்மா கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குத்தான் பிடிக்க ஒன்றுமில்லை. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே வந்தாள். ஒரு திருப்பத்தில் அவள் கை தன்னாலே மேலே எழுந்து முன்சீட்டைத் தேடிற்று. "அம்மா, அக்கா கைய எடுக்கா" என்று உடனே சொல்லிவிட்டேன். அம்மா அந்தக் கையை மெதுவாக வாங்கி மறுபடி மடியில் வைத்தாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் தேவலையாக இருக்கும்.

புளியறைக்கு இறங்கும் வளைவில் சேற்றில் சக்கரம் புதைந்துபோக, எல்லாரும் இறங்கி நடந்தோம். வழியே போன தோட்டத்து ஆட்கள் வண்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். செங்கோட்டையில், தென்காசி நேர்ரோட்டில் தண்ணீர் போகிறது, குற்றாலம் சுற்றிப் போங்கள் என்றார்கள். குற்றாலம் வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அருவி இரைகிற சத்தத்தில் மாமாவின் ஹாரனே எடுபடவில்லை. சீசனுக்கு வந்தவர்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா வழி விசாரிக்க இறங்கியபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அம்மா, இன்னைக்கு இங்கனயே தங்கிருவமா? இடுப்பு ஒரு மாதிரியா இருக்கு."

தங்குவதற்கு இடமில்லாமல் இல்லை. சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள் தெருவெல்லாம் இருந்தன. மாமாகூட அம்மாவிடம், தங்கலாமே அக்கா என்றார். அருவியில் குளிக்கலாம் என்று எனக்கும் சந்தோஷம். அம்மாதான் அக்காவின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்:

"விடிஞ்சா ஆடி பொறந்திரும்ளா. இந்தா வந்திட்டு நம்ம ஊரு."

அக்காவும் அப்பாவைப்போல ஒரு தடவைதான் சொல்லுவாள். அன்றைக்கு அங்கே தங்கியிருந்தால், அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தால், வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. நான் எத்தனையோ சீசனுக்குக் குற்றாலம் போய்விட்டேன்; அந்த நினைப்பு இல்லாமல் ஒரு நாளும் தலை நனைத்ததில்லை.

ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் அது நடந்தது. ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் கீழே இருந்த பள்ளம் மாமாவுக்குத் தெரியவில்லை. முன்சக்கரம் தொப்பென்று உள்ளே இறங்கியது. நான் முன்சீட்டைப் பிடித்தேன், அம்மா கம்பியைப் பிடித்தாள். அக்கா மடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சீட்டைவிட்டுச் சரிந்து, முன்சீட்டின் முதுகில் வயிறு இடிக்க விழுந்தாள்.

"வளையல்!" என்றாள் அம்மா.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, அவசர அவசரமாகக் கட்டை அவிழ்த்தாள். நான் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட உடையவில்லை என்று சொன்னேன். பிளந்து கிடந்த எங்கள் ஊர் மொட்டைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அலுப்பில் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவை யாரும் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. வளையல் நன்றாக இருந்தால் பிள்ளையும் நன்றாக இருக்கும் என்று அவள் நம்பினாள். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையை விசாரிக்க அந்தப் பாவிக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் பொழுது ஏறுவதற்குள் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார்கள். என்னை அடுத்த வீட்டில் கொண்டு விட்டார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக ஓட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். சத்தமே கேட்கவில்லை. மத்தியானத்துக்குமேல் அப்பா வந்து கூட்டிப்போனார். வீட்டில் பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை, சாமிகிட்டப் போயிட்டுது என்றார்கள். சாமியிடம் போன பிள்ளை எப்போது திரும்பி வரும் என்று நான் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பிறகு அக்காவுக்கு வேறு பிள்ளை பிறக்கவே இல்லை.

வளைகாப்பு வளையல்களைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அவற்றைக் கழற்றி ஒரு சுளகில் வைத்திருந்தார்கள். மருத்துவச்சி அதைத் தொடாமலே போய்விட்டாள். யாருக்கும் வேண்டாத சுளகை நான் தூக்கிக்கொண்டு, அக்கா படுத்திருந்த அறைக்குள் போனேன்.

"அக்கா, பாத்தியா? ஒண்ணுகூட உடையல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஆமாட்டி. நல்லாப் பாத்துக்கிட்ட."

அந்த வீட்டில் அந்த இரண்டு நாளில் என்னை மெச்சிப் பேசியவள் அவள் ஒருத்திதான். நான் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். இரண்டு கையிலும் அள்ளிப் போட்டுக்கொண்டேன். பெரிய வளையல்கள், கையைக் கீழே விட்டால் கழன்று விழும். அதனால் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி, கலகலவென்று ஆட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அம்மா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. என் கைகளைப் பிடித்து வளையல்களை உருவினாள். துணி துவைக்கிற கல்லில் அவற்றை வைத்துத் தன் உள்ளங்கையாலேயே ஓங்கி ஓங்கி அடித்தாள். கையெல்லாம் ரத்தம். பச்சையும் சிவப்பும் தூள்தூளாகத் தெறித்தன.

அத்தனை மழையிலும் அத்தனை பள்ளத்திலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததை அம்மாவே ஏன் உடைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வாய்விட்டு அழுதேன். பிள்ளை போன துக்கம் இந்தச் சின்னதுக்கும் தெரிந்துவிட்டதே என்று சொல்லி, அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் வளையலுக்காகத்தான் அழுதேன்.