சொல்லாமல் கிளம்பிய அண்ணன்

புதுக்கோட்டையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இன்று ஒரு பழைய சிறுகதை. அப்பாவின் சாவுக்குத் தம்பி வீட்டுக்கு வரும் அண்ணன், எல்லாம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். கதை அதோடு முடிகிறது.

"ஏன் சொல்லாமப் போனான்?" என்று கேட்டார் வட்டத்தை நடத்தும் ஜான்சி அக்கா.

"நெலத்துல பங்கு கெடைக்காத கோவம்தான். எங்க சித்தப்பாவும் இப்படித்தான் போனாரு" என்றார் முருகேசன் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

சேர்ந்ததிலிருந்து நான் அங்கே வாயே திறந்ததில்லை. இன்று சும்மா இருக்க முடியவில்லை.

"சாவு விழுந்த கேத வீட்டுல யாராவது போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்களாக்கா?" என்றேன்.

ஜான்சி அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது. "சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"அட, ஆமால்ல! அப்ப அவனுக்குக் கோவமே இல்லையா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"இருந்தாலும் வெளிய தெரியாதுண்ணே. அன்னைக்கு எல்லாரும் அப்படித்தானே போவாங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

சற்று முன் வாட்ஸ்அப்பில் முருகேசன் அண்ணன்: "ஏம்மா, சொல்லாமப் போயிட்ட? எம்மேல கோவமா?"

"போயிட்டு வாரேண்ணே" என்று பஸ்ஸிலிருந்தே பதில் போட்டேன். அடுத்த கதைக்கும் வருவேன் என்று தெரிய வேண்டுமே.

இப்படிச் சொல்லாமல் நழுவுகிறவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?