அது பார்த்த மூலை

பச்சோந்தி எங்கள் வீட்டுக்கு வந்தது கடற்காற்று ஓயாமல் அடிக்கும் மாதங்களில். கற்பிட்டியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குப் பழைய மீன்வலைதான் வேலி. அதில் சிக்கி, நைலோன் நூல் இறுக்கி, முன்னங்கால் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு வா என்றார் கணவர். யாராவது விடச் சொன்னால்தான் எனக்குப் பிடிவாதம் வரும். நூலை வெட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

புத்தளத்தில் மிருக வைத்தியர் காலுக்குக் கட்டுப் போட்டார். இது வீட்டில் வளர்க்கிற பிராணி அல்ல, கால் சுகமானதும் காட்டில் விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அசைகிற பூச்சியைத்தான் தின்னும். வெட்டுக்கிளிக்கு முதலில் கீரை கொடுத்து வயிறு நிரப்பி, எலும்பு கூடுவதற்காக அதன்மேல் கொஞ்சம் கணவாய் ஓட்டுத் தூள் தூவ வேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாதாம். இலையில் துளியாக மினுங்கினால்தான் நக்கிக் குடிக்கும். கண் குழி விழுந்தால் தாகம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வலை அடித்த கூடு ஒன்றைக் கூடத்தில் வைத்தேன். வெளிச்சமான இடம் அது ஒன்றுதான். மாமாவின் சாய்மனைக் கதிரை கிடந்த இடம்.

மாமா, அதாவது கணவரின் அப்பா, முந்திய வருடம் சிறுநீரக வருத்தத்தில் இறந்தார். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அளந்து கொடுத்தவர் கணவர். கடைசிக் கிழமைகளில் மாமாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கதிரையில் கிடந்தபடி, சமையல் நடக்கிற குசினியின் வாசல் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பலகையும் அதன்மேல் குடிதண்ணீர் மண்முட்டியும்தான். “மனுசி வந்து நிக்கிது, கூட்டிக்கொண்டு போக” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். மாமி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டவர். அந்தக் கதை கணவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலில் பச்சோந்தி நன்றாகத்தான் தின்றது. பிறகு நாக்கை நீட்டுவதை நிறுத்தியது. பச்சை போய் உடம்பு கருத்தது. நான் தினமும் வாசல் பூவரசில் புதுக் கிளை ஒடித்து வைத்து, காசு கொடுத்து வாங்கிய வடித்த தண்ணீரையே தெளித்தேன். எங்கள் கிணற்று உவர்த்தண்ணீரில் ஒரு சொட்டும் காட்டவில்லை. அது துளியில் வாயை வைக்கும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்கள் நாளுக்கு நாள் உள்ளே போயின.

அதன் கண் இரண்டும் எப்போதும் தனித்தனியே சுழன்றுகொண்டிருக்கும். ஒருநாள் ஒரு கண் நின்றுவிட்டது. குசினி வாசல் மூலையில். அடுத்த நாளும் அங்கேதான். கூட்டைத் திருப்பி வைத்தேன். உடைந்த காலை இழுத்துக்கொண்டு, கிளையில் மெல்ல மெல்ல நகர்ந்து, மறுபடி அந்த மூலையைப் பிடித்தது.

கணவர் அதைக் கண்டதும் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“அது அப்பா பார்த்த இடம்” என்றார். “அங்க ஆரையோ காணுது. இது வீட்டில இருக்கக் கூடாது. ஞாயிறு பூசை முடிய வண்ணாத்திவில்லுக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டிடுவன்.”

“கட்டோட விட்டா காகம் கொத்திப் போடும். உங்களுக்கு மண்டை பிசகிட்டுதா?”

சத்தம் போட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்கார என்னால் முடியவில்லை. பகலிலும் குசினிக்குள் போகும்போது யாரோ வழிவிட்டு ஒதுங்குவது போல இருந்தது.

ஞாயிறு காலை கணவர் தேவாலயப் பூசைக்கு உடுத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அதைக் குடிக்க வைத்தாக வேண்டும். தெளிக்கத் தண்ணீர் மொள்ளப் போனேன். முட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்திருந்தது, முட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

கண் அசைந்தது.

நான் நின்றேன். அதுவும் நின்றது. முட்டியை இடது பக்கம் கொண்டுபோனேன். குழிக்குள் இருந்த அந்தக் கண் இடது பக்கம் வந்தது. மூலையில் அதற்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. முட்டியின் அடிப்புறம் முழுக்க மண்ணில் கசிந்த தண்ணீர் துளித்துளியாக வேர்த்து நின்றது.

கூட்டைத் திறந்து முட்டியை அதன் வாயருகில் பிடித்தேன். வாயைத் திறந்தது. ஒரு துளி. அடுத்த துளி. தொண்டை அசைவது தெரிந்தது. நான் ஒரு பூவரசு இலையைப் பிய்த்து நக்கிப் பார்த்தேன். உப்பு. காற்று கடலை அள்ளிக்கொண்டுவந்து ஒவ்வொரு இலையிலும் பூசிவைத்திருந்தது. நல்ல தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நான் அதற்கு உப்பைத்தான் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“இஞ்ச பாருங்க! அது ஆரையும் பார்க்கல்ல. தண்ணியத்தான் பார்த்திருக்கு!”

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கே விளங்கியது. கணவர் அறை வாசலில் நின்றார். சட்டையில் பாதிப் பொத்தான்தான் பூட்டியிருந்தது. முட்டியைப் பார்த்தார், கதிரை கிடந்த இடத்தைப் பார்த்தார், பிறகு அந்த மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அன்று அவர் பூசைக்குப் போகவில்லை. என் கையிலிருந்து முட்டியை வாங்கி, கூட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பச்சோந்தியின் ஒரு கண் துளியில் இருந்தது. மற்றது அவர் முகத்தில் இருந்தது.

“குடி” என்றார். “அளவொண்டும் இல்ல. குடி.”