விரல் வைக்கலாம், விடை சொல்லக் கூடாது

பெசன்ட் நகர் கடற்கரையில் நேற்று சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால், எண்ணெய் படிந்த தாளில் குறுக்கெழுத்துக் கட்டங்கள். யாரோ பாதியில் விட்டிருக்கிறார்கள். அப்புறம் சுண்டல் ஆறிப்போனதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எண்ணெய் வாசனை என்னை லஸ் முனை டிபன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது. அப்போதெல்லாம் தினமும் காலையில் அங்கே ஓரத்து மேசையில் நாலு பேர்: ஓய்வுபெற்ற வெங்கிட்டு மாமா, சைதாப்பேட்டை தாஸ், ராயப்பேட்டையிலிருந்து வரும் கௌசர் அக்கா, நான். நடுவில் காப்பிக் கறையோடு இங்கிலீஷ் பேப்பர். அதில் வரும் குறுக்கெழுத்துப் புதிரில் ஒவ்வொரு குறிப்பும் யோக்கியமான வாக்கியம் போல வேஷம் கட்டி நிற்கும். உண்மையில் ஒரு பாதி விடையின் அர்த்தம், மறு பாதி எழுத்து விளையாட்டு; இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தில் வெட்டினால்தான் பிளந்து விடை காட்டும். எங்களுக்கு ஒரே சட்டம்: கண்டுபிடித்தவர் விடையைச் சொல்லக் கூடாது, வெட்ட வேண்டிய இடத்தில் விரல் வைக்கலாம். என் விரல் பெரும்பாலும் வடை மேல்தான் இருந்தது.

திடீரென்று அக்கா வரவில்லை. பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. வீட்டுக்குப் போனோம். தண்ணீர் கேட்க வாயெடுத்தால் “ஜன்னல்” என்று வந்தது. தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு அழுதார்.

“டாக்டருக்கே சொல்லத் தெரியல. உள்ள அம்மா அப்படியே இருக்காங்களா, இல்லியா?” என்று அக்காவின் மகள் எங்களிடம் கேட்டாள்.

தாஸ் பழக்கதோஷத்தில் பேப்பரைக் கட்டில்மேல் விரித்தான். ஒரு குறிப்பு எங்கள் மூவரையும் முறைத்தது. மாமா அதன்மேல் விரல் வைத்தார். இரக்கம் பொங்கி, சட்டத்தை மறந்து, விடையையும் சத்தமாகச் சொல்லிவிட்டார். “இதான்மா கௌசர். நீ சிரமப்படாதே.”

அக்காவின் இடது கை விருட்டென்று எழுந்து அவர் வாயைப் பொத்தியது. அப்படியொரு கோபம்! பிறகு அந்தக் கை தாளில் இறங்கி, மாமாவின் விரலைத் தள்ளிவிட்டு, இரண்டு சொல் தாண்டி நின்றது.

வாக்கியம் பிளந்தது. மாமா சொன்னது தப்பு.

“மாமா, அக்கா உன்ன அவுட் பண்ட்டாங்க,” என்றான் தாஸ்.

“பண்ணட்டும்டா, நன்னா பண்ணட்டும்!” மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகளுக்குப் புரியவில்லை. “அம்மா இன்னா சொன்னாங்க?”

“இங்கதான் கீறேன்னு சொன்னாங்கம்மா,” என்றான் தாஸ்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர் என்ற சொல்கூடத் தொலைந்துபோன வீட்டில், அந்தக் கோணல் புத்தி மட்டும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறது! சொற்களுக்கும் கீழே இன்னொரு தளமா? அதற்கும் கீழே?

பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் அக்கா மேசைக்குத் திரும்பவே இல்லை. “அன்னிக்கு வந்துச்சு. இன்னிக்கு வரலேன்னா? வேணாம்பா,” என்றார். அந்தப் பயத்தை நாங்கள் யாரும் தொடவில்லை.

மாமா போய்ச் சேர்ந்தார். தாஸ் தன் மகளோடு கோயம்புத்தூரில். கடையும் இல்லை; மெட்ரோ ரயிலுக்காக அங்கே தோண்டுகிறார்கள். போன மாதம் தகரத் தடுப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். மேசை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அடி தெரியவில்லை.