ஈரச் சீலைக்குள்ளால் வந்த கச்சான்

கச்சான் காற்றை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனி மாதத்தில் தரைப்பக்கமிருந்து சுட்டெரித்துக்கொண்டு வரும் அது, எங்கள் கடற்கரை ஊரான சல்லியில் ஒருவரையும் விடாது. போதாக்குறைக்கு மணலையும் அள்ளி முகத்தில் வீசும். அந்த வருடம் அது தொடங்கியபோது எங்கள் மகள் பிறந்து பன்னிரண்டு நாள்.

எங்களுடையது தகரக் கூரை வீடு. மேற்குப் பக்க யன்னலை இறுக்கிச் சாத்தி, ஒருவரும் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். உள்ளே அவிந்தோம். மின்விசிறியும் வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. பிள்ளை உடம்பெல்லாம் சிவந்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாள். காலையில் வந்த மருத்துவமாது தொட்டுப் பார்த்துவிட்டு, "அறை சரியான வெக்கை. அடுத்த முறையும் பால் குடிக்காட்டிப் பாத்துக்கொண்டிராதேங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார்.

அறைக்குள் வைக்க மீன்வாடியில் ஐஸ் கேட்டு வாங்கச் சைக்கிளில் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மேற்கு யன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது! கடல்பக்கக் கதவும் அப்படியே.

"உனக்கென்ன விசரா? ஏன் யன்னலைத் திறந்தனீ?" என்று கத்திக்கொண்டே உள்ளே காலை வைத்தேன். வைத்த கால் வைத்தபடி நின்றுவிட்டேன். அறை குளிர்ந்திருந்தது.

"வெளியில போட்டா காத்து மணலில விழுத்துது. அதுதான் தோய்ச்ச சீலையளை யன்னல் கம்பியில கட்டினனான்" என்றாள் மனைவி மெதுவாக. பிள்ளையின் தொட்டில் சீலைகள் இரண்டும் ஈரம் சொட்டச் சொட்ட யன்னலை மூடித் தொங்கின.

ஈரச் சீலையா அறையை இப்படிக் குளிர வைத்தது? நான் நம்பவில்லை. வெளியே போய் நின்றேன். நெருப்பு. உள்ளே வந்து சீலைக்கு முன்னால் முகத்தைக் கொடுத்தேன். அதே காற்று, கிணற்றடிக் குளிர்ச்சி. அட கடவுளே! ஈரம் காயச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கச்சான் தானே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருகிறது. அது உக்கிரமாக அடிக்க அடிக்க அறை இன்னும் குளிர்ந்தது. மின்சாரம் வேண்டாம், யந்திரம் வேண்டாம், இரண்டு பழஞ்சீலை போதும். இத்தனை வருடம் இந்தக் காற்றைத் திட்டியே வாழ்ந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடியும் வெளியே போய் வந்தேன்.

"சும்மா போய்ப் போய் வராமல் ஒரு இடத்தில நில்லுங்கோ. பிள்ளை குடிக்கிறாள்."

நின்றேன். மடக் மடக்கென்று பால் இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னப்பா, அழுறீங்களோ?"

"இல்லை, வேர்வை" என்றேன்.

"இந்தக் குளிருக்கோ?" என்றாள்.