மணப்பாட்டுக் குன்றில் இடியும் அலையும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். இடைசெவலுக்குப் பக்கத்தில் எங்கள் கரிசல் காட்டில் விதைப்பு முடிந்திருந்தது. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். "பக்கத்துலயே கடலுக்குள்ள ஒரு மலை இருக்குதாம்லா" என்று மணப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர்.

மலை என்றால் பெரிய மலை இல்லை. கழுகுமலையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் சிலுவைக் கோயில். பல நூறு வருஷத்துக்கு முன்னால் புயலில் தப்பிய கப்பல்காரர் ஒருவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அங்கே நட்டாராம். கேட்டு வந்த கதையை இவர் எனக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டி, மின்னல் வெட்டியது.

பருத்தி எடுக்கப் போன இடத்தில் இடி விழுந்து என் அத்தை செத்ததை நேரில் பார்த்தவள் நான். கரிசல் காட்டில் மரம் மட்டை கிடையாது. நிமிர்ந்து நிற்கிற ஆள்தான் உயரம். மின்னினால் ஓடைப் பள்ளத்தில் இறங்கிக் குத்தவைத்துவிடுவோம். அதையே அங்கேயும் செய்தேன். அவரையும் இழுத்துக்கொண்டு கடல் பக்கம் இறங்கி, அடிவாரத்தில் பாறை குடைபட்டிருந்த ஒரு பள்ளத்தில் பதுங்கினேன். அந்தப் பள்ளத்தைக் குடைந்ததே அலைதான் என்பது என் கரிசல்காட்டு மூளைக்கு எட்டவில்லை.

காற்று வலுத்தது. பாதத்தை நனைத்த அலை முழங்காலுக்கு வந்தது. அடுத்தது இடுப்பில் அடித்து என்னைப் பாறையோடு சாத்திவிட்டு, காலடி மணலையும் உருவிக்கொண்டு போனது.

"ஏட்டி, மேல போயிருவோம், வா!" என்று கையைப் பிடித்தார். மேலே வானம் பிளந்து பிளந்து மூடியது. "நான் வர மாட்டேன். நீங்க போங்க" என்று பாறையைக் கட்டிக்கொண்டேன். அவர் போகவில்லை. என்னால் இரண்டு பேருமே சாகப்போகிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் கால் வரவில்லை.

சரிவில் காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ள வந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, கடலு ஏறுது! மேல வாங்க!" என்று கத்தினார். நான் முடியாது என்று தலையாட்டினேன். அவர் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, மழையில் சறுக்கிச் சறுக்கி எங்களிடமே இறங்கி வந்தார்.

"மேல போனா இடி விழும், செத்துருவேன்" என்று அழுதேன்.

ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், கோபத்தில் கத்தினார். "விழுந்தா என் தலையிலயும் சேந்து விழட்டும். நடம்மா!"

என் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். ஒவ்வொரு மின்னலுக்கும் நான் உட்காரப் போனேன். அந்த அம்மாள் விடவில்லை. அவர் உடம்பும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தது.

ஊர்ப் பக்கம் இறங்கி அவர் வீட்டில் சேர்ந்தோம். மழை விட்டதும் போய்ப் பார்த்தால், பள்ளம் இருந்த இடத்தில் நுரைதான் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் கருவாடு முழுக்கப் பாழ். அவரோ எங்களுக்குத் தலை துவட்டத் துண்டு தேடிக்கொண்டிருந்தார்.

இன்றும் மின்னினால் எனக்குப் பயம்தான். ஆனால், யாராவது பயந்து ஒடுங்கி நிற்பதைப் பார்த்தால், "ஒண்ணும் ஆகாது" என்று தள்ளி நின்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.