இருமல் கணக்கு

சிவப்புக் குடை மூலையில் திரும்புவது தெரிந்ததும் நான் காப்பிக் கோப்பையோடு அசையாமல் உட்கார்ந்துவிடுவேன். மணி பத்து பத்து. குடைக்குப் பின்னால் ஒடெஸாவின் முதுகு வரும். அவளுக்குப் பின்னால் பதினைந்து இருபது வெளியூர்க்காரர்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக. ஒடெஸா அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பாள். எங்கள் சார்லஸ்டன் நகரத்தின் ஒவ்வொரு குழியும் அவள் குதிகாலுக்கு அத்துப்படி. பதின்மூன்று வருடத்தில் ஒரே ஒரு விளக்குக் கம்பத்தில்தான் மோதியிருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் நட்டவன் தப்பு அது என்பாள்.

"கண்ணுங்களா, காலப் பாத்து வைங்க. இந்தக் கல்லெல்லாம் கப்பல்ல பாரத்துக்குப் போட்டுக் கொண்டு வந்தது. கடல் பாத்த கல்லு, ஒருத்தருக்கும் அடங்காது."

இதைச் சொல்லும்போது யாராவது ஒருவர் தடுக்கி விழப்போவார். அதற்காகவே அந்த இடத்தில் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வயது எழுபத்தொன்று. ஆள் குள்ளம், குரல் நெட்டை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்ட குரல் அது. ஓய்வு பெற்றதும் நகராட்சியின் வழிகாட்டித் தேர்வு எழுதப் போனாள். முதல் தடவை தேறவில்லை. கோட்டை எந்த வருடம் கட்டியது என்ற கேள்விக்குக் கொத்தனாரின் காதல் கதையை இரண்டு பக்கம் எழுதிவைத்தால் யார் மார்க் போடுவார்கள்? இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வருடத்தை மட்டும் எழுதித் தேறினாள். அன்றிலிருந்து நகராட்சி கொடுத்த வழிகாட்டி வில்லையை நெஞ்சில் குத்தாமல் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. கையில் எப்போதும் ஒரு பொட்டலம் எள் பிஸ்கட். கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் அவர் வாயில் ஒன்று போய்விடும்.

பொய்தானே சொல்கிறீர்கள் என்று ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை.

"உண்மைக்கும் ரெண்டு வேளை சோறு போட்டாத்தான் வளரும், கிளெமன்ட். அப்படியே விட்டா எலும்பும் தோலுமாப் போயிடும்."

எங்கள் சந்தில் அவள் நிற்கும் இடம் என் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில். முதலில் கதவுப் பாடம் நடக்கும். இங்கே தெருவைப் பார்த்த கதவு வீட்டுக்குள் திறக்காது, பக்கவாட்டு வராந்தாவுக்குத்தான் திறக்கும். அது திறந்திருந்தால் யாரும் வரலாம், உட்காரலாம், தேநீர் கேட்கலாம். சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை. மாடி வராந்தாவில் ஆள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் இல்லை. உதாரணத்துக்கு என்னைக் காட்டுவாள். நான் பனியனோடு இருபது பேர் தலைக்குமேல் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

"இந்த வீட்டுக்காரரு கிளெமன்ட், இழுவைக் கப்பல்ல எஞ்சின் பாத்தவரு. இப்ப வீட்ல இல்ல."

இருபது பேரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் கடல் பக்கம் பார்ப்பேன். மரியாதை என்றால் மரியாதைதான்.

பிறகு எதிர்வீட்டுப் பக்கம் திரும்புவாள். அது அவள் பிறந்த வீடு. இப்போது அங்கே இருப்பது அவள் அக்கா லூவினியா. முப்பத்தெட்டு வருடம் கணக்கு டீச்சர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஜாதி. பழைய பிரம்பு நாற்காலியில், மாடி வராந்தாவின் தொட்டிச் செடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். காலையெல்லாம் திறந்து கிடக்கிற அவள் வீட்டுக் கதவு சரியாகப் பத்து மணிக்குச் சாத்தப்படும். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்கே கேட்கும்.

பதினொரு வருடமாக அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. காரணம் அவர்களுடைய கொள்ளுத் தாத்தா பிரின்ஸ். மீன்பிடிக்கிறவர். பெரிய புயலன்று ஒரு பாய்மரப் படகில் தனியாகப் போய், கவிழ்ந்த படகுக்காரர்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர். எத்தனை பேர் என்பதுதான் வழக்கு. நான்கு பேர் என்று அவர்கள் அம்மா சொல்வாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் சிவப்புச் சோறும் பொரித்த கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒடெஸா எழுந்து அந்தக் கதையைச் சொன்னாள். ஏழு பேர் என்றாள். லூவினியா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "நாலு" என்றாள். நீ பார்த்தாயா என்று இவள் கேட்க, நீ பார்த்தாயா என்று அவள் கேட்க, சாவுச் சோற்றிலும் டீச்சர் உத்தியோகமா என்று இவள் கேட்டுவிட்டாள். லூவினியா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைத் தட்டுவது எங்கள் சந்தில் அடுத்தவர் தட்டில் கை வைப்பதற்குச் சமம். ஒடெஸா தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. அந்த இடத்தில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். பிரசங்கத்தின் நடுவில் ஒடெஸா என் தொடைமேல் ஒரு புதினா மிட்டாய் வைப்பாள். நான் அதை நகர்த்துவேன். லூவினியா அதை வாயில் போட்டுக்கொண்டு தாளை எனக்குத் தருவாள். பேசாமல் இருப்பவர்கள் தின்னக் கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை.

வியாழன் வெள்ளி பார்க்காமல் தினமும் பத்து பத்துக்கு அந்த வீட்டு முன்னால் நின்று, குடையை உயர்த்தி, ஒடெஸா தாத்தா கதையைச் சொல்வாள்.

"...அந்தக் காத்துல அந்த மனுஷன் ஏழு பேரக் கரை சேத்தாரு, கண்ணுங்களா. ஏழு உசிரு."

மாடியிலிருந்து இருமல் வரும். க்கும். க்கும். க்கும். மூன்று. ஏழில் நான்கு போக மூன்று. வீட்டில் இல்லாதவள் வாய் திறந்து பேச முடியாது, ஆனால் தப்பான கணக்கைச் சரிபார்க்காமல் விட லூவினியாவால் ஆகாது. ஒடெஸா எட்டு என்றால் நான்கு இருமல். ஒன்பது என்றால் ஐந்து. ஒரு இருமல் கூடிக் குறைந்து நான் கேட்டதில்லை.

யார் இருமுகிறார்கள் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். ஒடெஸா முகத்தில் ஒன்றும் தெரியாது.

"கதவு சாத்தியிருக்குல்ல? அப்ப ஆள் இல்ல. பழைய வீடு பாருங்க. இருமும்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பது இதுதான். யாரோ அதை இணையத்தில் எழுதிவைத்துவிட்டான். இப்போது 'இருமும் வீடு' பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். ஒஹையோவிலிருந்து ஒருத்தர் இரண்டு முறை வந்து இருமலைச் செல்பேசியில் பிடித்துக்கொண்டு போனார். பேய் காட்டுவதே தொழிலான ராத்திரி வழிகாட்டிகளுக்கு வயிற்றெரிச்சல். அவர்களிடம் இருக்கிற பேய்களில் ஒன்றுகூட நேரத்துக்கு வருவதில்லை.

எண்ணைக் கூட்டுவது வியாபாரத்துக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் அவர்கள் அம்மாவின் நினைவு நாளன்று ஒடெஸா பதினொரு பேர் என்றாள். மாடியிலிருந்து ஏழு இருமல் வந்தது. அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அக்காளின் குரல் அதிகம் வேண்டியிருக்கிற நாளில்தான் தாத்தா அதிகம் பேரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தபின் எனக்கு அந்தக் கிழவிகள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. கதவுக்கும் தெருவுக்கும் இரண்டு படிதான்.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. முந்தின இரண்டு நாளும் பௌர்ணமி அலை சந்துக்குள் வந்துவிட்டதால் ஒடெஸா கூட்டம் கூட்டி வரவில்லை; கல்லெல்லாம் சேறு. ஒடெஸா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பதினெட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். கதவுப் பாடம் ஆயிற்று, நான் வீட்டில் இல்லாததும் ஆயிற்று. தாத்தா புயலுக்குள் போனார்.

"ஏழு பேரக் கரை சேத்தாரு."

நின்றாள். மாடியில் சத்தம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிக்க வேண்டும், ஒன்பது பேர் என்றாள். சத்தம் இல்லை. பன்னிரண்டு என்றாள். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, அத்தனை பேரும் ஒரே படகில் எப்படி வந்தார்கள் என்று பணிவாகக் கேட்டாள்.

"மடியில உக்காந்துட்டு வந்தாங்க" என்ற ஒடெஸாவின் கண் மாடியை விட்டு நகரவில்லை. "இருவத்திரண்டு பேரு."

ஆறு பேர் ஏறினால் ஏழாமவன் நீந்த வேண்டிய படகு அது. மாடியில் இலைகூட அசையவில்லை.

குடை மெல்லக் கீழே இறங்கியது. ஒடெஸா திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். என் கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பவனோடு பேசுவது பதின்மூன்று வருடத்தில் அவள் செய்யாத காரியம்.

"கிளெமன்ட், நீங்க வீட்ல இல்லன்னு எனக்குத் தெரியும். லூவியப் பாத்தீங்களா?"

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நான் வீட்ல இல்ல, மிஸ் ஒடெஸா. ஆனா பேப்பர் ரெண்டு நாளா படியிலயே கெடக்கு. காலைல கதவும் தெறக்கல."

அதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். சாத்திய கதவு, நமக்கென்ன என்று காப்பி போடப் போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒடெஸா கதவைப் பார்த்தாள். கையைக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தினாள். தட்டி, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அது என்று எதிரில் இருந்த எனக்கே தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டாள். கூட்டிப் பார்த்தாயிற்று. உண்மையைச் சொல்லியும் பிரயோஜனமில்லை, நான்கு என்று சொன்னால் லூவினியா நல்லபடியாக இருந்தாலும் இருமமாட்டாள். ஒடெஸா நடுத்தெருவுக்கு வந்து நின்றுகொண்டு, முந்நூறு பிள்ளைகளுக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"மூணு பேரு. மூணு பேரத்தான் காப்பாத்தினாரு."

கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"ரெண்டு."

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

"ஒருத்தரயும் காப்பாத்தல, கண்ணுங்களா. எங்க கொள்ளுத் தாத்தா அன்னிக்குப் படகயே எடுக்கல. காத்து அடிக்குதுன்னதும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. பயந்தாங்கொள்ளி. மீனப் பாத்தாலே நடுங்குவாரு."

தாத்தாவை அவள் இப்படி விற்று நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டுக் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடி அறைக்குள் நாற்காலி ஒன்று கீறிக்கொண்டு நகர்ந்தது. பிறகு செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக. பதினாலு படி. அவள் இறங்கி முடிப்பதற்குள் எனக்கு இன்னொரு வயது ஏறியிருக்கும். தாழ்ப்பாள் இழுபட்டது.

கதவு திறந்தது. லூவினியா. தலையில் துணி முண்டாசு, கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளித் துணி, மேலே பூப்போட்ட வீட்டு அங்கி. விக்ஸ் வாசனை சந்தைத் தாண்டி என் மாடிவரை வந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது, இருமக்கூட ஆகாதபடி.

வைக்கோல் தொப்பிப் பெண்மணி, இதுதான் அந்தப் பேயா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள்.

"பேயில்லம்மா" என்றாள் ஒடெஸா. "எங்க அக்கா."

லூவினியா வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரலை உள்ளங்கையில் மடித்து, நான்கு விரலை நிமிர்த்தி, வகுப்பில் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்பதுபோல இடமிருந்து வலமாகப் பதினெட்டுப் பேருக்கும் காட்டினாள். அப்புறம் அந்தக் கையைத் தங்கையின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் விரியத் திறந்து கிடந்தது.

ஒடெஸா குடையை ஒஹையோக்காரரோ அயோவாக்காரரோ யாரோ ஒருவர் கையில் திணித்தாள். பூட்ஸ் சேற்றை மிதியடியில் இரண்டு தடவை தேய்த்தாள். இரண்டு படியும் ஏறி, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வாங்கிக்கொண்டாள். பிறகு மடங்கியிருந்த கட்டைவிரலை மெதுவாகப் பிடித்து நிமிர்த்திவிட்டாள்.